செவந்துபோன மாப்பிள்ளை படம்

இல்லண்ணே, பெருசாக்கித் தரமாட்டேன்னு சொல்லல. எப்ப எடுத்த படம்னுதான் கேக்குறேன். போன மாசமா? மாப்பிள்ளை வீட்ல அப்படிச் சொன்னாங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?

சரி, கோவிச்சுக்காதீங்க. கட்டிக் குடுக்கப்போறது உங்க பொண்ண. சொந்தக்காரங்க பாக்குறதுக்கு ஃப்ரேம் போட்டு வைக்கணும்ங்குறீங்க, நியாயம்தான். ஆனா இப்படி வெளிச்சத்துக்கு வந்து பாருங்க. மூஞ்சி எப்படிச் செவந்து கெடக்கு. வெக்கமா? நல்லாச் சொன்னீங்க போங்க. படத்துல இருந்த நீல மை போயிடுச்சுண்ணே. நீலம் வெளுத்துட்டா எந்த மனுசனும் படத்துல இப்படித்தான் செவப்பாத் தெரிவான்.

இந்த பேப்பருக்கு மேல ஒரு பூச்சு இருக்கும். அதுல ரெண்டு வகை. ஒண்ணு, மையை உள்ள இழுத்து மூடிக்கும். காய நேரமாகும், ஈரக் கை பட்டாப் பிசுபிசுக்கும், ஆனா நிறம் நிக்கும். இன்னொண்ணு, பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. மை விழுந்த உடனே காஞ்சிடும், எடுத்ததும் பளிச்சுன்னு இருக்கும். ஓட்டை இருந்தா காத்தும் உள்ள போகும்ல? கண்ணாடி போடாம மாட்டினா கொஞ்சங்கொஞ்சமா நிறத்தத் தின்னுரும். இது அந்த ரெண்டாவது பேப்பர்.

பெட்டிக்குள்ள இருந்துச்சா? இப்பத்தான போன மாசம் எடுத்ததுன்னீங்க? பரவால்ல, பதறாதீங்க. பெட்டியில இருந்தா இவ்ளோ கெடாது. செவுத்துல தொங்கியிருக்கு. அதுவும் ஏதோ ஒரு செவுரு இல்ல. பழைய ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போது ஒரு வாடை வரும் பாருங்க, அந்தக் காத்து பட்டா நீலம் ரொம்ப வேகமாப் போயிடும். மாப்பிள்ளை ஜெராக்ஸ் கடை எதுவும் வச்சிருந்தாரா? தெரியாதா? விசாரிக்கவே இல்லையா?

அது கெடக்கட்டும். மூணு ஓரமும் பழுப்பு. இந்த வலது ஓரம் மட்டும் ஏன் வெள்ளை வெளேர்னு இருக்கு? தொட்டுப் பாருங்க, பூச்சு பொருபொருன்னு உதிருது. காஞ்சுபோன பூச்சுல கத்திரி வச்சா இப்படித்தான் உடையும். யாரோ இப்பத்தான் வெட்டியிருக்காங்க. தனியா நின்னு எடுத்த படத்த எதுக்குண்ணே வெட்டணும்?

நீங்க வெட்டலையே? என்னப் பாத்துச் சொல்லுங்க. சத்தியமா?

சரி, நம்புறேன். நீங்களும் இதுக்குக் கூட்டோன்னு ஒரு சந்தேகம். அதான் இவ்ளோ நேரம் சுத்தி வளச்சேன். நீங்க முழிக்கிறதப் பாத்தா எனக்கே மனசு கஷ்டமா இருக்கு. மொதல்ல இந்த நாற்காலில உக்காருங்க.

அவசரத்துக்குக் கையில கெடச்ச பேப்பர்ல இந்தப் படத்தப் போட்டது நான்தான். நமக்குத்தானே, கண்ணாடி என்னத்துக்குன்னு இந்தக் கடையில, இந்தப் பழைய ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலயே ஆணி அடிச்சு மாட்டினேன். போகும்போது அவரு இதையும் கழட்டிட்டுப் போயிட்டாரு. வெட்டின பக்கத்துல அவரு தோள ஒட்டி நின்னது யாருன்னு இன்னுமா புரியல?

இல்லண்ணே, விவாகரத்தெல்லாம் ஆகல. இன்னைக்கும் அவரு என் வீட்டுக்காரருதான்.