பிளாஸ்டிக் புழியிற மிஷினு

மெய்யாலுமே தான்க்கா! கத்தி கெடயாது, ரம்பம் கெடயாது, வெறும் வெளிச்சம். அது பலகைய வெட்டுது! நான் இன்னா ரீலா வுடறேன்? கிண்டி பக்கம் அந்தப் பெரிய காலேஜுலேருந்து தான் நேரா வந்துகினு கீறேன். ஒரு விஷயமா வரச் சொன்னாங்க, அத்த அப்பால சொல்றேன். நீ நல்லா நவுந்து குந்து. கூடய என் காலாண்ட வையி. முன்னால கண்டெய்னர் லாரிங்க எப்டி நிக்குது பாரு, இந்த பஸ்ஸு திருவொத்தியூர் போறதுக்குள்ள விடிஞ்சிரும்.

இன்னா சொன்னேன்? ஆங், வெளிச்சம். ராமசெல்வின்னு ஒரு பொண்ணு, அங்க படிக்குது. பட்டன நீயே அமுக்குக்கான்னுச்சு. அமுக்குனேன் பாரு, சுர்ர்ருனு ஒரு சத்தம், லேசா பொக. ஒரே நிமிஷத்துல பலகைல மயிலு! தோகைல கண்ணு கண்ணா ஓட்டை! நான் கைதட்டி சிரிச்சேன், அங்க இருந்த வாத்தியாரும் சிரிச்சிட்டாரு.

அத்த வுடு. இன்னொண்ணு கீது, கண்ணாடிப் பொட்டி. உள்ள மூக்கு மாரி ஒண்ணு அங்க இங்க ஓடுது. ஜிலேபி புழியிறான்ல, அத்தே தான். ஆனா மாவு இல்ல, பிளாஸ்டிக்கு, நூலு கணக்கா. சுத்தி சுத்தி புழிஞ்சி, மேல மேல அடுக்கி, கடசில முழு சாமான வெளிய குடுக்குது. கப்பு வேணுமா கப்பு, யான வேணுமா யான.

பையில இன்னாவா? அந்த மிஷினு பண்ணது தான். இத்த குடுக்க தான் வரச் சொன்னாங்க, நீயே வச்சிக்கோக்கான்னு ராமசெல்வி குடுத்துச்சு. பாக்குறியா? பயப்படாத. தோ.

என் தாடைக்கா.

அய்ய, பேயி இல்லக்கா, பிளாஸ்டிக்கு! ஆடி மாசம் ஷேர் ஆட்டோ பள்ளத்துல கவுந்துச்சு. மூஞ்சி கம்பில அடிச்சி தாடை சில்லு சில்லா பூட்ச்சி. டாக்டர் ஸ்கேன அந்த காலேஜுக்கு அனுப்ச்சாரு. உள்ள எப்டி ஒடஞ்சி கீதோ, அப்டியே இத்த பண்ணி குடுத்தாங்க. எலும்ப சேக்குற தகட்ட இதுல வச்சி அளவா வளச்சிகினு, அப்பால தான் என் வாய்ல கைய வச்சாரு. மேலயும் கீழயும் பல்ல கம்பி போட்டு கட்டிட்டாரு. கஞ்சி கூட உறிஞ்சி தான் குடிக்கணும்.

இன்னிக்கு காலைல தான் ஆஸ்பத்திரில கம்பிய அவுத்தாங்க. டாக்டரு மெதுவா பேசும்மான்னாரு. எங்க மெதுவா!

கம்பிய அவுத்தது வூட்டுக்குத் தெரியாது. போன்ல எங்க வூட்டுக்காரரு ஜெயவேலுகிட்ட சொல்லிருக்கலாம், வேணான்னுட்டேன். எம்பொண்ணுக்கு இப்ப தான் பேச்சு வர்ற வயசு. அப்பான்னு நல்லா கூப்புடும். என்ன மட்டும் கைதட்டி தான் கூப்புடும். நான் அப்டி தான அத்த கூப்புட்டுகினு இருந்தேன், அம்மாக்கு பேச்சே கெடயாதுன்னு நெனச்சிகிச்சு போல.

அட, நீ ஏன்க்கா கண்ண தொடக்கிற? நான் சிரிச்சிகினு கீறேன்ல?

மகிழினின்னு அவங்க அப்பன் ஆசயா வச்ச பேரு. வாசல்ல நின்னு அந்தப் பேர தான் மொதல்ல கூப்புடப் போறேன். அதான் உங்கிட்ட பேசிப் பேசி வாய பழக்கிகினு வர்றேன். கேளு, சரியா வருதா சொல்லு. மகியினி. மகியினீ.

இன்னாது, ழ வர்லியா? அடப் போக்கா, அது தாடை ஒடயறதுக்கு முன்னாலயும் எனக்கு வந்ததில்ல.