நடுக்கடலில் ஆடி

யுத்தத்துக்கு முந்தைய வருஷம். கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புதுமணத் தம்பதி. "கப்பல்ல ஆடி மாசம் வருமா?" என்று அவள் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"நடுக்கடல்லதான் ஆடி பெறக்கும்" என்றான் அவன்.

"புதுப்பொண்ணு ஆடிக்குத் தாய் வீட்டுல இருக்கணும்ல. ஏஜெண்டுகிட்ட விட்டிருந்தா அவராச்சும் மாசம் பாத்து டிக்கெட் போட்டிருப்பாரு. சீமைக்குப் போக நானே ஏற்பாடு பண்றேன்னு நீங்கதான் மாட்டிக்கிட்டீக."

"டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துரவா?"

"வேணாம். உங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

"ஐயையோ! என்ன சொன்னாக?"

"'கல்யாணமான வருசம் ஆடி முச்சூடும் எங்காத்தா வீட்டுல அழுதுக்கிட்டே கெடந்தேன். நீயாச்சும் அவன்கூட இரு'ன்னாக."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எங்கய்யாவை நெனச்சா அழுதாக?"

"அதை அவுககிட்டக் கேட்டுறாதீக. கெளம்பும்போது கால்ல விழுந்து கும்புடுங்க, போதும்."