பரஞ்சோதியின் இடதுகால் செருப்பு

— பாத்தியா நவமணி, மறுபடியும் கழண்டுருச்சு! கால் முன்னால வந்துருச்சு, கட்டைச் செருப்பு அங்கயே நிக்குது. வாரை மூணு தடவை மாத்தி ஆணி அடிச்சிட்டேன். வலது செருப்பு ஒழுங்கா வருது. இடது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

— டயருக்குப் பதிலா ரப்பர் குழாயைச் சுத்தின சைக்கிள்ல, கூலிம்லேர்ந்து பாடாங் மேஹா வரைக்கும் எலும்பு குலுங்க வந்திருக்கேன். அடுத்த மாசம் தாலி கட்டிக்கப் போறவ. ஒரு வாய் தண்ணி குடுக்காம செருப்புக் கணக்கு கேக்குறீங்களே அத்தான்!

— தண்ணி இந்தாலா, குடி. சர்வே ஆபிஸ்ல படம் வரைஞ்ச மனுசன், இப்ப மரவள்ளிக் காட்டுக்கு வாய்க்கால் அளக்குறாரு. பொண்டாட்டி வந்தாலும் மட்டம் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாரு.

— செல்லாயி அக்கா, பக்கத்து வீட்டுக்காரி நீங்க. யார் பக்கம்னு மொதல்ல சொல்லிருங்க.

— சோறு வர்ற பக்கம். என்ன கொண்டாந்திருக்க?

— பெரிய சாக்குல அரிசி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க, அத்தானும் அவரு தம்பி அழகேசனும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு அம்மா எப்பவும் அனுப்புறது. இந்தத் தடவை வாத்துக்கும் ஒரு பை தவிடு. நான் குடுத்த ஜோடி எங்க?

— அத ஏன் கேக்குற. ஜப்பான்காரன் கண்ணுல பட்டா புடிச்சிட்டுப் போயிருவான்னு பரஞ்சோதித் தம்பி ரெண்டையும் வீட்டுக்குள்ளயே கூடையில கவுத்து வெச்சிருக்கு. ஒண்ணு குந்தின எடத்தை விட்டு எந்திரிக்கல. கழுத்து முதுகுப் பக்கமா மடங்கிப் போச்சு.

— அய்யோ! அதுகூடப் பொரிச்ச குஞ்செல்லாம் கூலிம்ல என்னைத் தொரத்துதுங்களே! என்ன போட்டீங்க அத்தான்?

— நாங்க திங்குறதைத்தான். தட்டுல மிஞ்சின சோறு. நல்லாத்தான் திங்குது.

— கொண்டா அந்தத் தவிட்ட. தண்ணியில கரைச்சு வாயைத் தொறந்து ஊத்துறேன். பொழைச்சா பொழைக்கட்டும், செத்தா கொழம்பு.

— அக்கா!

— சும்மா சொன்னேன்லா. நீங்க பேசிட்டிருங்க. நான் இங்கதான் இருக்கேன், ரெண்டு காதும் என்கிட்டத்தான் இருக்கு.

— நவமணி, இப்படி உக்காரு. பொறு, பொறு, நான் நின்னுக்கிறேன். ஒண்ணு சொல்லணும். கல்யாணத்தைத் தள்ளி வெச்சிரலாம். இல்லேன்னா… நிறுத்திரலாம்.

— வேற யாரையாவது பாத்து வெச்சிருக்கீங்களா?

— ச்சே! கால்மா. செருப்பு மேல ஒரு தப்புமில்ல, வாரு மேலயும் இல்ல. தந்திக் கம்பி தெரியுமில்ல? இந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம் மணி அடிக்கணும். நான் இங்கேர்ந்து 'பாதமே, மேல தூக்கு'ன்னு தட்டுறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. முன்பாதம் தொங்குது. அதான் செருப்பு நிக்குது.

— வலிக்குதா?

— வலியில்ல, மரத்துப் போகுது. குந்தினா கையை ஊணாம எந்திரிக்க முடியல. இப்ப அழகேசனுக்கும் வந்துருச்சு, உள்ள படுத்திருக்கான். நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரையும் சயாம் ரயில் பாதைக்குக் கூட்டிட்டுப் போயிட்டானுங்க, கேக்க ஆளில்ல. எனக்கு, அப்புறம் தம்பிக்கு… அடுத்தது இந்த வீட்டுக்குள்ள வர்ற உனக்குத்தானே?

— மணவறையில குந்தி எனக்கு மெட்டி போடணும். போட்டுட்டு எந்திரிக்க முடியலேன்னா ஊரே சிரிக்கும். அந்தப் பயமும் உண்டுதானே?

— அதுவும் இருக்கு.

— சரி. ஒட்டுற நோயின்னு எந்தக் கணக்குல முடிவு பண்ணீங்க?

— கணக்கா? கணக்கு ஒண்ணும்…

— கணக்குப் போடாமலா? நீங்களா? ஒரு வாய்க்காலுக்கு எத்தனை தடவை மட்டம் பாப்பீங்க? என் கல்யாணம் ஒரு வாய்க்காலுக்கும் கீழயா?

— அப்படிக் கேளு! சின்னப் புள்ள சரியான எடத்துல கிள்ளிருச்சு. தம்பி மூஞ்சியப் பாரு, வெளக்கேத்தின மாதிரி ஆயிருச்சு.

— பொறு, பொறு! வழி இருக்கு. கவனி. மலைச் சரிவுல மேடு எது பள்ளம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? ஒரு எடத்தோட ஒயரம் மட்டும் தெரிஞ்சா பத்தாது. சுத்தி இருக்கிற நாலு எடத்து ஒயரத்தையும் கூட்டு, நாலால வகு. நடு எடத்து ஒயரத்துலேர்ந்து அதைக் கழி. மிச்சம் வந்தா அங்க ஒரு மேடு. கடன் விழுந்தா பள்ளம்.

— ஒண்ணும் வரலேன்னா?

— ஒரே சீரான சரிவு. அந்த எடம் அக்கம்பக்கத்தோட ஒத்துப் போகுதுன்னு அர்த்தம். இந்தக் கழித்தலை ஒரு வேலைக்காரன்னு நெனச்சுக்க. மலையில விடு, கொதிக்கிற சட்டியில விடு, எங்க விட்டாலும் ஒவ்வொரு எடமா நின்னு ஒரே கேள்விதான் கேப்பான்: 'உன் அக்கம்பக்கத்துலேர்ந்து நீ எவ்வளவு விலகியிருக்க?'

— நம்ம லயத்து வீட்டு வரிசையில விட்டா?

— அதான்! ஒட்டுற நோய் அடுப்புச் சூடு மாதிரி. கிட்ட அதிகம், தள்ளத் தள்ளக் கொறையும். பக்கத்து வீட்டுலயும் கொஞ்சம் இருக்கணும், அதுக்கடுத்த வீட்டுலயும் துளியாவது இருக்கணும். சரிவு தெரியணும்.

— அப்ப வீடு வீடாப் போயி எல்லாரையும் குந்தி எந்திரிக்கச் சொல்றோம். கையை ஊணுற ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. அக்கா, வர்றீங்களா?

— இதுக்கு வராமலா? அந்த இராசாத்தி குந்துறதைப் பாக்க நான் காசு குடுத்தே வருவேன். வாத்துக்கும் ஊத்தியாச்சு. வா.

*

— வந்துட்டோம் அத்தான்! வெயில் சாஞ்சே போச்சு. அப்பப்பா, ஒரு லயத்தையே குந்த வெச்சு எழுப்பியாச்சு.

— கங்காணி வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா? 'இது ஜப்பான்காரனோட புதுசா வந்த பட்டாளக் கவாத்தா'ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன். கங்காணியே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நாலு தடவை கூடவே செஞ்சாரு!

— மண்ணுல லயத்தைக் கோடு போட்டு வெச்சிருக்கேன். இது என் வீடு. எடது பக்கம் செல்லாயி அக்கா, வலது பக்கம் இராசாத்தி, எதிர்த்தாப்ல அப்பளசாமி தாத்தா, பின்னால மருதம்மா. கொட்டையை வையி.

— உங்க வீட்டுக்கு ரெண்டு.

— சரி. அக்கா வீடு?

— என் வீட்ல எல்லாரும் தவளை மாதிரி எந்திரிச்சாங்க. கொட்டை இல்ல.

— இராசாத்தி வீடு?

— இல்ல. மருதம்மா வீட்லயும் இல்ல. அப்பளசாமி தாத்தா எந்திரிச்சதோட இன்னொரு தடவை செஞ்சு காட்டட்டுமான்னு கேட்டாரு.

— கடைசி வீட்டுக்கு ஒண்ணு வெச்சிருக்கியே?

— அது ரமணி. மாங்கா திருடப் போயி மரத்துலேர்ந்து விழுந்தவன்.

— அவன் கணக்குல வரமாட்டான். எடுத்துரு. இப்பப் பாரு… நாலு பக்கமும் ஒண்ணுமில்ல. எனக்கு ரெண்டு. ரெண்டுலேர்ந்து ஒண்ணுமில்லாததைக் கழிச்சா ரெண்டும் அப்படியே நிக்குது. சரிவே கெடையாது! சமதரையில கம்பம் நட்ட மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது!

— அதுக்கு என்னலா அர்த்தம்?

— ஒட்டலக்கா! இத்தனை நாளா ஒரே குழாயில தண்ணி புடிக்கிறோம், ஒரே கொசுக்கிட்ட கடி வாங்குறோம், நீங்க தெனம் என் அடுப்புல நெருப்பு வாங்கிட்டுப் போறீங்க. உங்க வீட்டுக்குத் துளி கூட வரல. இது பரவி வந்ததில்ல, நேரா என் வீட்டுல வந்து எறங்கினது!

— அப்ப கல்யாணம் உண்டு!

— உண்டு, உண்டு! உனக்கு ஒட்டாது! ஆனா இந்த வீட்டுக்கு மட்டும் வர்றது, வேற எந்த வீட்டுக்கும் வராதது, எது?

— நான்தான் வர்றேன்.

— ஹா! மாட்டிக்கிட்டியா? தம்பி, ஆளைப் புடிச்சாச்சு!

— கிண்டல் பண்ணாதீங்கக்கா. அத்தான், நீங்களும் சிரிக்காதீங்க. யோசிங்க. நான்… ஐயோ, யாரு இது, மண்ணுல போட்ட கோட்டையெல்லாம் மிதிக்கிறது?

— கொட்டையை முழுங்கப் போகுது! தொரத்து!

— அத்தான், வாத்து! நம்ம நொண்டி வாத்து! எந்திரிச்சு நடக்குது!

— கழுத்தைப் பாரு, நேரா நிக்குது! பொறு, பொறு, யாரும் தொரத்தாதீங்க! அக்கா, மத்தியானத்துலேர்ந்து அதுக்கு என்னென்ன குடுத்தீங்க?

— தவிட்டுத் தண்ணிதான்லா. வேறெதுவும் இல்ல, என் தலை மேல சத்தியம்.

— அதே வாத்து, அதே கூடை, அதே தண்ணி. மாறினது தவிடு ஒண்ணுதான். அது இல்லாம என் சோத்தைத் தின்னு விழுந்துச்சு, அதைத் தின்னு எந்திரிச்சுச்சு. நவமணி, அந்தத் தவிடு ஏது?

— உங்க அரிசியோடது அத்தான். வீட்டுல நாங்க உமி போனதும் செவப்பாவே ஆக்கித் திங்குறோம். மாப்பிள்ளை வீட்டுக்குச் செவப்பரிசி அனுப்பினா மானம் போயிரும்னு அம்மா சொல்லும். அதனால உங்களுக்குன்னு தனியா எடுத்து, மல்லியப்பூ மாதிரி வெளுக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப நானே குத்துவேன். கை கொப்பளிச்சுப் போகும். பொடைச்ச தவிட்ட வாத்துக்குப் போட்டுட்டு, மிச்சத்தை உங்களுக்கு…

— அடி ஆத்தே! நாங்க மலாய்க் கிராமத்து நெல்ல அவசர அவசரமா ஒரு குத்துக் குத்தி ஆக்கித் தின்னுட்டு ஓடுறவங்க. அதான் தவளை மாதிரி எந்திரிக்கிறோமா?

— நான்தான் உங்க காலை… அத்தான், நான்தான்…

— ஏய், அழாத. இங்க பாரு, நான் சிரிக்கிறேன். இந்த லயத்துலயே யாருக்கும் இவ்வளவு ஆசையாக் குத்தின அரிசி கெடைக்கல, அதான் யாருக்கும் கால் விழல! உன் கணக்குக் கேள்வி இல்லேன்னா நான் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேன். இப்பச் சொல்லு, அடுத்து என்ன செய்யலாம்?

— அக்கா, அடுப்பை மூட்டுங்க. பையில மிச்சமிருக்கிற தவிட்ட இப்பவே சலிச்சுக் கஞ்சியில கரைச்சு, அத்தானுக்கும் அழகேசனுக்கும் குடுப்போம். இனிமே நான் குத்துற அரிசி ஒரே குத்துதான், உமி மட்டும் போனாப் போதும், தவிடு அரிசியிலயே இருக்கட்டும்.