அளவுகோல் அக்கா அளந்த இடைவெளி

அவைக்குத் தலைமையேற்று, என்னைச் சுருக்கமாகப் பேசும்படி கண்ணாலேயே கட்டளையிட்டிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பணி ஓய்வு பெறும் விழா நாயகி, எங்கள் அன்பு அளவுகோல் அக்கா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, என்னைப் போன்றவர்களைப் பெற்றும் பொறுத்தும் வாழும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

நெஞ்சார்ந்த என்று சொன்னேன். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்புவரை தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். ஊரார் எழுதியதில் ஒற்றுப் பிழைகூட என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் என் வீட்டில் என் கண் முன்னே நடந்ததை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை.

என் மனைவி தையற்காரி. அதோ, மூன்றாம் வரிசையில் நீலப் புடவை. தலையைக் குனிந்துகொண்டாலும் அவர்தான். கழுத்தில் வீங்கியிருந்த சுரப்பியை அறுவை செய்து எடுத்தார்கள். நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள், "ஏங்க, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். "மயக்க மருந்து இன்னும் இறங்கலை போல" என்றேன். அதற்கும் மறுநாள், "விரல் எல்லாம் தானா குவியுதுங்க. கத்திரியைப் பிடிக்க முடியலை" என்றார். "யாரு உன்னைக் கத்திரியைப் பிடிக்கச் சொன்னது? படுத்துத் தூங்கு" என்றேன்.

சிரிக்காதீர்கள் ஐயா. உங்கள் வீட்டிலும் இதே பதில்தான் இருக்கும்.

அன்று பிற்பகல் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். இதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தேன். வருவதற்குள் கண் விழித்துவிட்டார். இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். "அறுவை செஞ்ச களைப்பும் பயமும்தான். எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம்" என்றார்.

அப்போதுதான் இதயத் துடிப்பைத் தாளில் படமாக எடுக்கும் அந்த ஈசிஜி கருவி, தள்ளுவண்டியில் வந்தது. அதன் பின்னால், மூக்குக் கண்ணாடியும் சட்டைப் பையில் சிறிய எஃகு அளவுகோலுமாக இந்த அக்கா வந்தார். தாள் ஓடியது. அவர் அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"டாக்டர், துடிப்பு தொடங்கி அடங்குற வரைக்கும் உள்ள இடைவெளி ரொம்ப நீளமா இருக்கு."

"மெஷினே அளவு போட்டிருக்கே அக்கா."

"மெஷின் தப்பா பிடிச்சிருக்கு. நான் மூணு தடவை அளந்துட்டேன். இவங்க கழுத்துல புதுத் தையல் இருக்கு. கால்சியம் பாருங்க."

அந்த மருத்துவர் பெருந்தன்மையானவர். குனிந்து பார்த்தார், தாமே அளந்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வருவதற்குள் கட்டிலருகே துடிப்பைக் காட்டும் திரையில் ஓடிய கோடு முறுக்கிக்கொண்டு துள்ளியது. என் மனைவியின் கண்கள் மேலே செருகின. சில நொடிகள்தாம். கோடு தானே அடங்கியது. ரத்த முடிவு வந்தது, கால்சியம் அதலபாதாளத்தில். நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக, திரையைப் பார்த்தபடி, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஏற ஏற, அந்த இடைவெளி குறுகியது. குவிந்த விரல்கள் விரிந்தன. விரிந்த கை என் கையைப் பிடித்தது.

எலும்புக்குத்தானே கால்சியம்? இதயத்தில் அதற்கு என்ன வேலை? கேட்டேன். அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். பிழை இருந்தால் மருத்துவர்கள் திருத்துங்கள், எனக்கும் ஒருமுறை அந்த அனுபவம் வேண்டும்.

"இதயத் தசையில ஒவ்வொரு செல்லோட சுவர்லயும் குட்டிக் குட்டி வாசல் இருக்குங்க. கால்சியம் உள்ளே வந்தா தசை சுருங்கும். பொட்டாசியம் வெளியே போனா, செல் அமைதியாகி அடுத்த துடிப்புக்குத் தயாராகும். உள்ளே வந்த கால்சியம் சும்மா இருக்காது. ஒரு சின்னப் புரதத்தோட சேர்ந்துக்கிட்டு, தான் வந்த வாசலைச் சாத்தும். பொட்டாசியம் வாசல் சிலதை நல்லாத் திறக்கவும் உதவும். கழுத்துச் சுரப்பிக்குப் பின்னால அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்கு, ரத்தத்துல கால்சியம் குறையாம பாத்துக்கிறது அதுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு அது சோர்ந்துபோகும், கால்சியம் இறங்கிடும். அப்போ சாத்துறதும் தாமதம், திறக்குறதும் மந்தம். ஒரு துடிப்பு அடங்குறதுக்குள்ளேயே இன்னொண்ணு கிளம்பினா, தாளமே கெட்டுடும்."

எவ்வளவு நுண்ணிய வாசல்கள். எவ்வளவு நுண்ணிய நேரம். அந்த நேரத்தை அளக்க ஒருவர் நின்றாரே, அவருக்கு நான் என்ன சொல்வேன்?

சொல்லத்தான் போனோம். மாதம் ஒன்று கழித்து, நல்லபடியாகத் தேறிய என் மனைவியோடு அவருடைய அறைக்குப் போனோம். அக்கா என் மனைவியின் விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முப்பத்தோரு வருஷமா படம் எடுக்கிறேன். தாளைக் கிழிச்சுக் குடுத்ததும் அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன். அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. வந்து சொன்னது நீங்கதாங்க முதல்ல."

வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றியபடி என் மனைவி, "மத்தவங்களையும் தேடலாங்க" என்றார். இந்த முறை நான் தூங்கச் சொல்லவில்லை. துணி தைக்க வந்தவர்களிடம் அவர் கேட்டார். அச்சகத்துக்கு வந்தவர்களிடம் நான் கேட்டேன். கேட்டவர்கள் மற்றவர்களிடம் கேட்டார்கள்.

அக்கா, இந்தக் கூட்டத்தைப் பார்த்து, "என் பிரிவு உபசாரத்துக்கு இத்தனை பேரா?" என்று சற்று முன் தலைவரிடம் கேட்டீர்கள். அவர் மழுப்பினார். நான் சொல்லிவிடுகிறேன்.

அன்பர்களே, அக்கா கையால் படம் எடுக்கப்பட்டவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். தாத்தா, மெதுவாக. அம்மா, குழந்தையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். கதவோரம் நிற்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

அக்கா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பாருங்கள். அவர்களுக்கு அப்புறம் இதுதான் ஆனது.

நிற்பவர்கள் நின்றபடியே, இருப்பவர்கள் இருந்தபடியே, என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். வணக்கம்.