யாருக்குன்னு எழுத?

பேரு தெரிஞ்சா நான் எதுக்கு இந்த வெயில்ல ஒன்றரை மணி நேரமா தூக்குச்சட்டிய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்? பேரு எழுதாத சீட்டு உள்ள போவாதாம். ஹார்பர் கேட்டுல நிக்க தம்பி சட்டம் பேசுதான்... ஏளா, நீ பஸ்சுக்குத்தான நிக்க? இங்கன நெழல்ல வந்து இரி. பேனா வச்சிருக்கியே, நல்லதாப் போச்சு. இந்தச் சீட்டக் கொஞ்சம் எழுதிக் குடு. நான் ஆறாப்போட நின்னவ. எம் பேரு எழுதுவேன், சீனித்தாய்னு. அதுக்கே ரெண்டு நிமிசம் ஆவும்.

கப்பல் பேரு எழுதியாச்சு. அனுப்புறது சீனித்தாய், போல்பேட்டை. கடைசியா ஒரு கட்டம் இருக்குல்லா, யாருக்குன்னு? அங்கனதான் மாட்டிக்கிட்டேன்.

எம் மவன் லிங்கராஜ் அந்தக் கப்பல்லதான் இருக்கான். அவன் பேருல அனுப்பினா என்னன்னு கேக்க, அப்படித்தான? அனுப்பலாம். ஆனா இந்த மீன் கொழம்பு அவனுக்கு இல்ல. அவங்கூட வேல பாக்குத தம்பிக்கு. கானா தேசத்து ஆளு. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துட்டுப் போனான். போனதுலேருந்து எம் மவன் எம் போன எடுக்கல. மூணு நாளு ஆச்சு. சாயங்காலம் கப்பல் கெளம்புது. இப்ப விட்டா ஏழு மாசம், பாத்துக்கோ.

பேரு தெரியலன்னா அடையாளம் சொல்லுங்கம்மான்னான் கேட்டுத் தம்பி. என்னத்தச் சொல்ல? உயரமா இருப்பான்னேன். உள்ள பாதிப் பேரு உயரந்தான்னான். நல்லாச் சிரிப்பான்னேன். கறுப்பா இருப்பாரான்னு அவனே கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படில்லாம் கேக்கப்படாது தம்பின்னு நான் வைய, அவன் என்னைய ஒரு மாதிரி பாக்கான். அவனே நல்ல கறுப்பு. நாங்க மட்டும் என்ன? எங்க வீட்டுக்காரவுகளும் அந்தத் தம்பியும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்திருக்க போட்டோவ எங்க செல்வி எல்லாருக்கும் அனுப்பினா. இதுல யாருளா கானான்னு கேட்டு முருகேஸ்வரி மதினி பதில் போட்டிருக்கா.

செல்வி எம் மவ. காலேசுல படிக்கா. பாதித் தலவலி அவளால.

எங்க அப்பா பீச் ரோட்டுல கட வச்சிருந்தாவ. கப்பல் ஆளுக வந்து சோப்பு, தீப்பெட்டி வாங்குவாங்க. ஆப்பிரிக்கா ஆளுன்னா அப்பா காப்பிரின்னுதான் சொல்லுவாவ. வையதுக்கு இல்ல, சேட்டுன்னு சொல்லுத மாதிரி. எந் தம்பிக்குச் சுருட்ட முடி. அவனையே வீட்டுல காப்பிரின்னுதான் கூப்பிட்டோம். ஆறாப்புல வாத்தியாரு அது தப்பு, நீக்ரோன்னு சொல்லணும், புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குன்னாரு. சரின்னு எழுதி மார்க்கு வாங்குனேன். இப்ப அதச் சொன்னா செல்வி காதப் பொத்துதா. கறுப்பினத்தவர்னு சொல்லணுமாம். லிங்கராஜ் அதுவும் வேண்டாங்கான். கானாக்காரர்னு சொல்லு, இல்லன்னா சும்மா இருங்கான். நாப்பது வருசத்துல மூணு தடவ மாறியிருக்கு, ஒருத்தரும் எங்கிட்ட வந்து சொல்லல. ரேசன் கார்டு மாத்துனா மட்டும் வீடு வீடா வந்து கதவத் தட்டுதாங்க.

மூணு வாரத்துக்கு முன்ன லிங்கராஜ் போன்ல பேசுனான். ஒங்கூட இருக்கானே அந்தக் காப்பிரிப் பய, அவனையும் கூட்டிட்டு வா, வெளமீன் கொழம்பு வைக்கேன்னேன். ஆசையாத்தான் சொன்னேன். மவன் டக்குன்னு போன வச்சுட்டான். பொறவு வாட்ஸப்புல பேசி அனுப்பிருக்கான், எத எதச் சொல்லப்படாதுன்னு. நாலு நிமிசம் ஓடுது. தெனமும் பாத்திரம் வெளக்கும்போது அதப் போட்டுக் கேட்டேன்.

மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. பெத்தவளுக்குப் பாடம் எடுக்கானேன்னு. பொறவுதான் எங்க தாத்தா ஞாவகம் வந்துச்சு. கொழும்புல கட வச்சிருந்தாவ. டிக்கெட்டு எடுத்துக் கப்பல்லதான் போனாவ. அங்க உள்ளவன் கள்ளத்தோணின்னுதான் கூப்பிட்டான். சரின்னு ஊருக்குத் திரும்பி வந்தா, இங்க பனையேறுத எங்க ஆளுகளுக்குன்னு ஒரு சொல்லு வச்சிருந்தான்... வேண்டாம், அத நான் ஒங்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். தெருவுல நின்னு தாத்தாவ அந்தச் சொல்லால கூப்பிடுவானாம், அவரும் வந்தேன் சாமின்னு போவாராம். எங்க அப்பா காலத்துல ஒருத்தன் சந்தையில அதச் சொல்லிட்டான், அன்னைக்கு ஊருல ஒரு கட தொறக்கல. எம் மவளுக்கு அப்படி ஒரு சொல்லு இருக்குதே தெரியாது. தெரியாமலே போவட்டும். தாத்தாவக் கூப்பிட்டவனும், வையதுக்கு இல்ல, வழக்கத்துல சொன்னேன்னுதான் சொல்லிருப்பான். என்ன, நாஞ் சொல்லுதது சரிதான?

அதனால ஞாயித்துக்கெழம ரொம்பச் சூதானமா இருக்கணும்னு நெனச்சேன். அங்கதான் கெட்டுப்போச்சு.

வழியெல்லாம் லிங்கராஜ் அந்தத் தம்பிகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான். எங்க அம்மா பேசிக்கிட்டே இருப்பா, ஒண்ணும் புரியாது, நீ தலைய மட்டும் ஆட்டுன்னு. நான் என்ன செஞ்சேன்? வாயத் தொறந்தா பழக்கத்துல எது வந்து விழுமோன்னு பயந்து தொறக்கவே இல்ல. எல போட்டேன், சோறு வச்சேன், கொழம்பு ஊத்துனேன். இன்னுங் கொஞ்சம் வைக்கட்டான்னு கேக்கல. முள்ளு இருக்கும், பாத்துன்னு சொல்லல. நான் பேசாமச் சோறு போட்டா என்ன அர்த்தம்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரவுககூட சண்டன்னா அப்படித்தான் போடுவேன். ரெண்டாவது நாளே, ஏளா, வஞ்சுக்கிட்டாவது போடுன்னு கெஞ்சுவாவ. அன்னைக்கும் அவுக என்னையத்தான் பாத்து முழிக்காவ, நாம என்ன செஞ்சோம்னு.

தம்பி பாதி மீன அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டான். படியெறங்கும்போது லிங்கராஜ்கிட்ட இங்கிலீசுல என்னமோ கேட்டான். செல்விதான் எனக்கு வெளக்குனா. எங்கள மாதிரி ஆளுக வீட்டுக்குள்ள வாரது ஒங்க அம்மாவுக்குப் பிடிக்காதோன்னு கேட்டானாம்.

லிங்கராஜ் திரும்பி என்னையப் பாத்தான். "ஒரு வார்த்த பேசிருக்கலாம்லாம்மா"ன்னான். அவ்வளவுதான். போயிட்டான்.

நாலு நிமிசம் சொல்லப்படாதத எல்லாம் சொன்னானே, என்ன சொல்லணும்னு சொன்னானா? கேளு. நானே யோசிச்சிருக்கணும்னு சொல்லுவா செல்வி. அவளுக்கென்ன.

அந்தா, பைக்குல வாரது ஏசண்டு ஆபீசு நல்லக்கண்ணு அண்ணாச்சில்லா? கப்பல் ஆளுக பேரெல்லாம் அவர்கிட்டத்தான் இருக்கும். அண்ணாச்சி, செத்த நில்லுங்க. நாந்தான், லிங்கராஜ் அம்மா. அவங்கூட ஒரு கானாக்காரத் தம்பி இருக்காருல்லா, அவரு பேரு வேணும். அந்தப் பேப்பரக் கொஞ்சம் பாருங்க... எது? நல்லாப் பாருங்க அண்ணாச்சி, அது நம்ம ஊரு ஆளா இருக்கப் போவுது. கானான்னு போட்டிருக்கா? சரி, சரி. வண்டிய அமத்தாதிங்க, இந்தா எழுதிட்டோம்.

ஏளா, எபனேசராம்.

எங்க தெரு முக்குல டியூசன் எடுக்குத சாரு எபனேசர். பால் ஊத்துத பையன் எபனேசர். செல்விகூட ஒண்ணாப்புலேருந்து படிச்சவன் ஒரு எபனேசர். ஒரு நாளைக்கு இருவது தடவ நான் சொல்லுத பேரு. அத விட்டுட்டு மூணு வாரமா என்னத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு இருந்திருக்கேன் பாரு.

அதவிடக் கொடும ஒண்ணு இருக்கு. அவம் பேர அவஞ் சொன்னான். வாசல்ல வந்து நின்னு, நெஞ்சுல கைய வச்சு, என்னையப் பாத்து ரெண்டு தடவ சொன்னான். நான் சொல்லப்படாத சொல்ல எல்லாம் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே நின்னேன். காதுல விழுந்தாத்தான? சும்மா தலைய ஆட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

எழுதுளா. எபனேசர். தம்பின்னும் போடு. அடியில இங்கிலீசுல எழுது, முள்ளு இருக்கு, பாத்துத் தின்னுன்னு. மிச்சம் வச்சா எனக்குக் கோவம் வரும்னு எழுது. இது இன்னைக்குக் காலையில வச்ச கொழம்பு, அன்னைக்கு வச்சதவிட உப்புச் செத்தக் கொறவு. அடுத்த தடவ வந்தா நண்டு வைக்கேன். அவங்க அம்மாவ நான் கேட்டதாச் சொல்லணும். எடம் இல்லியா? பின்பக்கம் திருப்பு. அண்ணாச்சி, ஒரே நிமிசம்.

இந்தாங்க, சாயாமக் கொண்டு போங்க. அந்தத் தம்பி கையிலயே குடுத்துருங்க, எம் மவன்கிட்டக் குடுத்துராதிங்க.

போயிட்டாரு. இனி லிங்கராஜ் கூப்பிட்டா சரி. கூப்பிடுவான். நீ என்ன நெனைக்க? ஏளா, எதுக்கு எந்திரிக்க, பஸ்சு வந்துட்டா? அது ஒரு பஸ்சு, நேரங்காலம் இல்லாம வரும். இரி, ஒன்னைய ஒண்ணு கேக்கணும்னு... ஏறிட்டா. இவ்வளவு நேரம் எழுதிக் குடுத்த புள்ள, பேரு என்னன்னு கேக்கவே இல்ல.

கேட்டுத் தம்பி, இங்கன வாங்க. மொதல்ல ஒங்க பேரச் சொல்லுங்க.