மூணு மில்லி

— உக்காருங்க அத்தான். முதல்ல லென்ஸ மேசையில வைங்க.

— உக்கார வரல. வெர்னியர எடு. நீ லேத்துல கடைஞ்சு குடுத்த ரிங்க நீயே அளந்து பாரு.

— எதுக்கு? இந்தப் பழைய ஜூம் லென்ஸ உங்க புது கேமராவுல மாட்டணும்னீங்க. மாட்டுச்சுல்ல?

— மாட்டுச்சு. நேத்து கல்யாண வீட்டுக்கு எதிர்வீட்டு மொட்டைமாடியில திருடன் மாதிரி நின்னு எம் பொண்ணு கல்யாணத்த எடுத்தேன். கடைசி வரைக்கும் திருகித் திருகிப் பாத்தேன். மாடியில காயப்போட்ட துண்டு நூல் நூலா விழுந்திருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவ மொகம் மட்டும் அழிச்ச மாதிரி இருக்கு.

— வாங்கினப்பவே வெளிய போயி தூரத்துல ஒரு மரத்தப் பாத்திருக்கலாமே. முப்பது வருசமா படம் புடிக்கிறவரு.

— இங்கயே உன் காலண்டரப் பாத்தேன், பளிச்சுன்னு இருந்துச்சு. மச்சான் வேலையாச்சேன்னு நம்பிட்டேன். ரிங்கு தடிச்சா தூரம் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? மூணு மில்லி கூட இருக்கு. அரை மில்லின்னா கை தவறிடுச்சுன்னு விட்டுடுவேன். இது தெரிஞ்சே செஞ்சது.

— ஆமா. தெரிஞ்சே செஞ்சதுதான்.

— வாய் கூசாம சொல்றே.

— எங்கக்கா படுத்த படுக்கையா கெடந்தப்ப இன்னொருத்தி வீட்டுக்குப் போனீங்களே, அப்ப உங்களுக்குக் கூசுச்சா?

— அதுக்கு என்னைச் செருப்பால அடி. ஆனா ஒரே ஒரு படம்டா. அவ மொகம் தெளிவா ஒண்ணே ஒண்ணு. பத்திரிகை வைக்கல, சரி. வெச்சிருந்தாலும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வருவேன்? தூர நின்னு பாக்கக்கூடவா கூடாது? அதத் தடுக்க நீ யாருடா?

— நான் தடுக்கல. நான் கடைஞ்ச ரிங்கு அந்த டிராயர்ல இருக்கு. அளவு சரியான ரிங்கு.

— அப்ப இது?

— நீங்க வந்து வாங்கறதுக்கு முந்தின நாள் உங்க பொண்ணு கடைக்கு வந்தா. லென்ஸப் பாத்ததுமே யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க எங்க நிக்கப் போறீங்கன்னும் சொல்லிட்டேன். அப்புறம் அவளே லேத்துல நின்னு இதக் கடைஞ்சு வெச்சுட்டுப் போனா. லீவுல வந்து என்கிட்ட கத்துக்கிட்ட வேலைதானே.

— எம்மேல அவளுக்கு அவ்வளவு வெறுப்பா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். "மாமா, தூரத்துல தெரியலன்னா எறங்கி வருவாரு"ன்னா. நேத்து மொத வரிசையில ஒரு நாற்காலியில அவ கடைசி வரைக்கும் யாரையும் உக்கார விடல அத்தான்.