திறந்த பாதையில் ஒரே ரயில்

— மச்சான், ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில உக்காந்து நகம் வெட்டினது போதும். என் சரக்கு ரயிலுக்கு சிக்னலைப் போடுங்க.

— பதறாதீங்க மாப்ள. கம்பெனி வண்டி ஒண்ணு வருது. அது போகட்டும்.

— போன மாசத்துலேருந்து இதையேதான் சொல்றீங்க. மெயின் லைன்ல கம்பெனி வண்டியாப் போகுது, என் வண்டி மட்டும் லூப் லைன்ல ஒதுங்கி நிக்குது. ஏத்தினது உருளைக்கிழங்கு. முளை விட்டு வேகன் இடுக்குல எட்டிப் பாக்குது.

— பாத்தேன். காலையில உங்க டிரைவர் அதுலதான் சட்டை காயப் போட்டிருந்தாரு.

— இன்ஜின் விளக்குல காக்கா கூடு கட்டிடுச்சு!

— முட்டையும் இட்டாச்சு. வண்டி நகராதுன்னு அதுக்கு யாரு சொன்னாங்களோ.

— சிரிக்காதீங்க. கிழங்கு மாவு மில்காரர், முளை விட்டதையும் வாங்கிக்கறேன், ஆனா இன்னிக்கு இருட்டறதுக்குள்ள வரணும்னு சொல்லிட்டாரு. இந்த லோடு போச்சுன்னா வாடகை இன்ஜினைப் பிடுங்கிக்குவாங்க. அப்புறம் உங்க தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிக்கறது?

— பதறாதீங்க. இதோ, கம்பெனி வண்டி வந்துடுச்சு.

— காலியாப் போகுது மச்சான்! ஒரு வேகன்லகூட ஒண்ணுமில்ல!

— காலியா இருந்தாலும் அவங்க சொந்த வண்டி. தண்டவாளம் அவங்களது. எனக்குச் சம்பளமும் அவங்க குடுக்கறதுதான்.

— யாரு வேணா இந்தப் பாதையில ரயில் ஓட்டலாம்னு சட்டம் வந்தாச்சு, தைரியமா இறங்குங்கன்னு சொன்னதே நீங்கதானே?

— ஓட்டலாம்னு சட்டத்துல இருக்கு. எப்பன்னு இல்ல.

— ரயில்வே ஆணையத்துக்குப் புகார் கொடுத்தேனே, அது என்னாச்சு?

— காலையில வந்தாங்க. உங்க வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. அவங்களுக்கு ஒரே சந்தோஷம்.

— எதுக்கு?

— கம்பெனி பாதையில வெளியாள் வண்டி இருக்கே! பாதை எல்லாருக்கும் திறந்திருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

— அது நகரவே இல்லையே!

— அதெல்லாம் போட்டோவுல தெரியாது மாப்ள.

— சரி. ஆளை விடுங்க. வந்த வழியே திருப்பிக்கிட்டுப் போயிடறேன். அதுக்காவது சிக்னல் போடுங்க.

— அதெப்படி விடுவேன்? ஆணையம் மாசாமாசம் வருமாம். காட்டறதுக்கு ஒரு வெளியாள் வண்டி நிரந்தரமா நிக்கணும், நம்பிக்கையான ஆளாச் சொல்லுன்னு போன வருஷம் மேலதிகாரி கேட்டப்ப, எனக்கு உடனே உங்க முகம்தான் ஞாபகம் வந்துச்சு.